வேலை இழந்து ஊர் திரும்புவோர் உதவித்தொகை பெறும் முறை: இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியினருக்கு

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நம் கடற்கரை நெடுகிலும் வளைகுடாச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே வேலை போய்விட்டால், கிடைத்த விமானத்தில் ஏறி ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் பெரும்பாலான சபராளிகள் (வெளிநாடு சென்று வேலை பார்ப்பவர்கள்) உதவித்தொகை ஏதும் உண்டா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இதைப் பற்றி முழுமையாகச் சொல்லக்கூடியவர் ஒருவரும் கிடைக்காமல், ஒவ்வொரு மேசையிலும் புதிதாக ஒரு தாள் கேட்கப்பட்டு, அலைந்து அலைந்து இந்த நடைமுறையை முடித்தவன் நான். அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கக்கூடிய பணம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வேலை பார்த்த நாட்டில் இருப்பது. அதை வேலை போன நாளிலிருந்து எண்ணப்படும் சில நாட்களுக்குள், அந்த நாட்டிலேயே இருந்து கேட்க வேண்டும். மற்றொன்று, தமிழ்நாடு அரசு தரும் மாதாந்திர உதவித்தொகை. அது படிப்பு முடித்த காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நீங்கள் செய்த பதிவைப் பொறுத்தது. முதலாவது அவசரப்பட்டு விமானம் ஏறுவதால் போகிறது. இரண்டாவது, வெளிநாட்டில் இருந்த காலத்தில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதால் போகிறது. இந்த இரண்டு இழப்புகளும் தவிர்க்கக்கூடியவை.

1. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்: அமீரகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரி 1 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஐ.எல்.ஓ.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் காப்பீட்டுக்கு, அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாமோ அதற்குக் குறைவோ உள்ளவர்கள் மாதம் 5 திர்ஹாமும், அதற்கு மேல் வாங்குபவர்கள் 10 திர்ஹாமும் கட்டுகிறார்கள், வரி தனி. வேலை போனால், கடைசி 6 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் 60 விழுக்காட்டை, அதிகபட்சம் 3 மாதங்களுக்குத் தருவார்கள். அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹாம் என்றால் மாதம் 720, மூன்று மாதத்துக்கு 2,160 திர்ஹாம் கிடைக்கும். தங்குமிடப்படி, உணவுப்படி ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. ஆகவே கைக்கு வந்த மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். ஒப்பந்தத்தில் 'அடிப்படை' என்று எழுதியிருக்கும் தொகையைப் பாருங்கள்.

இதற்கான நிபந்தனைகளை நிதானமாகப் படியுங்கள். குறைந்தது 12 மாதங்கள் தொடர்ச்சியாகக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். வேலை உங்கள் விருப்பத்தால் போயிருக்கக் கூடாது. ஒழுங்கு நடவடிக்கையாலும் போயிருக்கக் கூடாது. சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று நிறுவனம் கொடுக்கும் தலைமறைவுப் புகார் எதுவும் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் சட்டப்படி அந்த நாட்டில் இருக்க வேண்டும். நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பினாலோ புது வேலையில் சேர்ந்தாலோ அந்தப் பணம் நின்றுவிடும். எனவே ஊருக்கு வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்தப் பணத்துக்குப் பொருந்தாது. வீட்டு வேலையாட்களும் வீட்டு ஓட்டுநர்களும் இந்தக் காப்பீட்டுக்குள் வரமாட்டார்கள்.

நம் ஆட்கள் அதிகமாகச் சிக்கிக்கொள்ளும் இடம் ராஜினாமாக் கடிதம். ஆள் குறைக்கும் நிறுவனங்கள் சில, 'இதில் கையெழுத்துப் போட்டால் விசா சீக்கிரம் ரத்தாகும், டிக்கெட் கிடைக்கும்' என்று சொல்லி ஒரு தாளை நீட்டுகின்றன. அரபியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் அந்தத் தாள் ராஜினாமாவாக இருந்தால், நீங்கள் தானாகவே வேலையை விட்டவர் ஆகிவிடுவீர்கள்; காப்பீட்டில் ஒரு திர்ஹாம்கூட வராது. நான் வேலை பார்த்த இடத்திலும் எங்கள் குழு முழுவதற்கும் இப்படி ஒரு தாள் நீட்டப்பட்டது. படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகம் உள்ள தாளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பணம் கணக்கில் ஏறிய பிறகே அதில் கையெழுத்திட வேண்டும்.

2. பணிக்கொடையும் மற்ற நாடுகளும்

சவூதியில் 'சானித்' என்ற வேலையிழப்புக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அது சவூதிக் குடிமக்களுக்கு மட்டுமே. மலேசியாவின் வேலைக் காப்பீடும் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களுக்கும் உரியது. ஆகவே அங்கிருந்து திரும்புபவர்கள் அந்தப் பெயர்களைக் கேட்டு நம்பிக்கை வைத்துக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

உங்களுக்கு உறுதியாகச் சேர வேண்டியது பணிக்கொடை, அதாவது வேலை முடியும்போது பணிசெய்த ஆண்டுகளுக்காக நிறுவனம் தரும் தொகை. அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் உண்டு. ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சவூதியில் நிறுவனம் வேலையிலிருந்து நீக்கினால் முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும், பிறகு ஒரு மாதச் சம்பளமும் தர வேண்டும். கத்தாரில் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம். தொகை வராமலேயே கிளம்ப வேண்டிய நிலை வந்தால், அங்கேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஊருக்கு வந்த பிறகு அதைச் செய்வது செலவும் தாமதமும் மிகுந்தது. அமீரகத்தில் தொழிலாளர் கோரிக்கைக்கு வேலை முடிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரைதான் காலம். ஆலோசனைக்கு, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் (இ.சி.ஆர்.) பாஸ்போர்ட்டில் சென்றவர்கள் பயணத்துக்கு முன் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு எடுத்திருப்பார்கள். உங்கள் தவறு ஏதுமின்றி ஒப்பந்தம் இடையில் முறிக்கப்பட்டிருந்தால், ஊர் திரும்பிய விமானக் கட்டணத்தை அதில் கேட்கலாம். அதற்குக் காரணத்தை அங்குள்ள இந்தியத் தூதரகம் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். அசல் பயணச்சீட்டும் வேண்டும். இறங்கியதும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

3. பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டிய தாள்கள்

வேலை நீக்கக் கடிதம், விசா ரத்தான தாள், தொழில் ஒப்பந்தம், கடைசி 6 மாதச் சம்பளச் சீட்டுகள் அல்லது வங்கிக் கணக்கு விவரம், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றை எடுத்து வாருங்கள். அரபியில் மட்டும் இருக்கும் தாளுக்கு அங்கேயே ஆங்கில மொழிபெயர்ப்பு வாங்கிவிடுவது நல்லது. இங்கே அதற்கு ஆள் தேடுவது கடினம். இந்தியா வந்த நாளுக்கான முத்திரை பாஸ்போர்ட்டில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று விமான நிலையத்திலேயே பாருங்கள். வேலையில்லாமல் இருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிட எளிய சான்று பின்னால் கிடைக்காது.

4. ஊர் வந்ததும்: பழைய பதிவு நடப்பில் இருக்கிறதா?

இனி தமிழ்நாடு அரசின் உதவித்தொகை. இதை வழங்குவது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். நம் மாவட்டத்துக்கு அது இராமநாதபுரத்தில் இருக்கிறது. இங்கே உங்கள் வெளிநாட்டு அனுபவத்துக்கோ அங்கே வாங்கிய சம்பளத்துக்கோ இடமில்லை. கேட்கப்படுவது ஒன்றுதான்: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, அதைத் தொடர்ந்து புதுப்பித்து, 5 ஆண்டுகள் முடித்திருக்கிறீர்களா?

பதிவை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்த மாதத்திலோ அதை அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ செய்யலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் அமர்ந்த இடத்திலிருந்தே செய்யலாம் என்பதால், துபாயில் இருப்பவரும் தம்மாமில் இருப்பவரும் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். பதிவு எண் எழுதிய அட்டை வீட்டில் பத்திரமாக இருந்தால் போதும். ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு. பள்ளி முடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து பதிகிறோம். வெளிநாடு போனதும் மறந்துவிடுகிறோம். வீட்டில் இருப்பவர்களும் 'அவர்தான் சபரில் இருக்கிறாரே, இனி எதற்கு அந்த அட்டை' என்று விட்டுவிடுகிறார்கள்.

பதிவு காலாவதி ஆகியிருந்தால் உடனே புதிதாகப் பதிந்துவிடாதீர்கள். முதலில் பழைய அட்டையையும் மதிப்பெண் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு நேரில் சென்று, தவறவிட்டவர்களுக்கான சிறப்புப் புதுப்பித்தல் சலுகை நடப்பில் உள்ளதா என்று கேளுங்கள். அரசு அவ்வப்போது ஆணை வெளியிட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளில் விட்டுப்போனவர்களுக்குப் பழைய மூப்போடு, அதாவது முதலில் பதிந்த தேதி மாறாமல், புதுப்பிக்க வாய்ப்பு கொடுத்திருக்கிறது. அது இல்லாதபோதுதான் புதுப் பதிவு. அதன் பிறகு 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் விபத்தில் உறுப்பிழந்து அல்லது பார்வை இழந்து திரும்பியவர்களுக்கு விதி வேறு. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு செய்து ஓராண்டு முடிந்திருந்தாலே போதும். வருமான வரம்பும் இல்லை. 10-ஆம் வகுப்பும் அதற்குக் கீழும் படித்தவருக்கு மாதம் 600 ரூபாய், மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 750, பட்டதாரிக்கு 1,000 என்று 10 ஆண்டுகள் வரை கிடைக்கும். கட்டடத்திலிருந்து விழுந்து ஊர் வந்து சேர்ந்த எத்தனையோ பேர் இது தெரியாமலேயே வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வேலைவாய்ப்புப் பதிவும் பெற அவருக்கு இந்த வாரமே உதவி செய்யுங்கள்.

5. யாருக்கு எவ்வளவு

மற்றவர்களுக்கு மாதத் தொகை இப்படி: 10-ஆம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவருக்கு 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவருக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். 3 ஆண்டுகள்வரை நீடிக்கும். மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு மூன்று ஆண்டிலும் சேர்த்து 14,400 ரூபாய் வருகிறது. ஒரு குடும்பத்தை நடத்த இது போதாது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் கையில் ஒன்றுமில்லாத மாதங்களில் மின்கட்டணத்துக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கும் இது உதவுகிறது. உங்களுக்கு உரியதை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வயது 40-ஐக் கடந்திருக்கக் கூடாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கல்வியைத் தமிழ்நாட்டில் முடித்திருக்க வேண்டும், அல்லது 15 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். அன்றாடம் கல்லூரிக்குச் சென்று படிப்பவராக இருக்கக் கூடாது. தொலைநிலைக் கல்வி தடையில்லை. பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்க முடியாது. சம்பள வேலையிலோ சுயதொழிலிலோ இருப்பவர்களுக்கும் இல்லை.

இங்கே இரண்டு குழப்பங்களைச் சொல்லிவிடுகிறேன். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளவர்களுக்கு வேலை இழப்பின்போது ஊதியத்தில் பாதியை 90 நாள்வரை தரும் மத்தியத் திட்டம் ஒன்று உண்டு. அது இந்தியாவில் இ.எஸ்.ஐ. சந்தா கட்டி வேலை பார்த்தவர்களுக்கானது, வெளிநாட்டு வேலைக்குப் பொருந்தாது. இ-சேவை மையத்தில் வருவாய்த் துறை வழங்கும் 'வேலையில்லாதவர் சான்றிதழ்' என்று ஒன்றும் உண்டு. அதை வாங்கிவிட்டாலே உதவித்தொகை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

6. சான்றுகளைச் சரிசெய்தல்

அதிக நாள் பிடிக்கும் கட்டம் இதுதான். விண்ணப்பத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

பெயர். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்தில் பலருடைய பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயரோடு சேர்ந்து வேறு விதமாகவும் இருக்கிறது. வேலைவாய்ப்புப் பதிவு பள்ளிச் சான்றிதழைப் பின்பற்றியது. வங்கிக் கணக்கு ஆதாரைப் பின்பற்றியது. இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆதாரில் திருத்தம் செய்வதானால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாத் தாள்களும் அதன் பின்னால்தான் வரும்.

குடும்ப அட்டை. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவரின் பெயர் அட்டையில் இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கப்பட்டிருந்தால் மறுபடி சேர்க்க வேண்டும். ஜமாஅத் அல்லது பங்குத்தந்தை கொடுக்கும் கடிதம் ஊரில் மதிப்புள்ளதுதான். ஆனால் அலுவலகத்தில் அது குடும்ப அட்டைக்கு மாற்றாகாது.

வருமானம். விண்ணப்பப் படிவத்திலேயே வருவாய்த் துறையினர் சான்றளித்துக் கையொப்பமிடும் பகுதி இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் கையொப்பமும் முத்திரையும் அதில் வேண்டும். அதோடு இ-சேவை மையம் வழியாக 60 ரூபாய்க் கட்டணத்தில் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்து வைத்துக்கொண்டால் வேலை எளிதாகும். 'நேற்றுவரை வெளிநாட்டில் சம்பாதித்தவருக்கு 72,000-க்குக் கீழா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். அது நியாயமான கேள்வியும்கூட. வேலை போன தேதி, ஊர் வந்த தேதி, இப்போது வீட்டில் யாருக்கு என்ன வருமானம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, விசா ரத்தான தாளின் நகலையும் பாஸ்போர்ட்டில் வருகை முத்திரை உள்ள பக்கத்தின் நகலையும் இணைத்துக் கொடுங்கள். ஒரே குடும்ப அட்டையில் இருக்கும் தம்பியோ தந்தையோ இன்னும் வெளிநாட்டில் சம்பாதித்தால் அந்த வருமானமும் கணக்கில் வரும். அதை மறைத்து வாங்கும் சான்று பின்னால் உங்களையே சிக்கலில் தள்ளும். தகுதி இல்லையென்றால் விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது.

கிராம நிர்வாக அலுவலர்கள் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களைக் கவனிக்கிறார்கள். சாயல்குடி பக்கத்தவர் கடலாடிக்கும், தொண்டியார் திருவாடானைக்கும், பாம்பன்காரர் இராமேஸ்வரத்துக்கும் வட்டாட்சியர் அலுவலக வேலையாகப் போக வேண்டியிருக்கும். அலுவலர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சும்.

வங்கிக் கணக்கு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பிவைக்க வெளிநாடுவாழ் இந்தியர் வைத்திருக்கும் என்.ஆர்.இ. கணக்கின் புத்தகத்தை விண்ணப்பத்தோடு கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் உள்நாட்டு ரூபாய் வரவு வைக்க முடியாது. நிரந்தரமாகத் திரும்பியதை வங்கியில் எழுதிக் கொடுத்து, கணக்கை உள்நாட்டில் வசிப்பவரின் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். இது விதிப்படியும் செய்ய வேண்டியது. பாஸ்போர்ட்டும் ஆதாரும் பான் அட்டையும் கேட்பார்கள். பிறகு அந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, புதிய பக்கத்தை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

7. விண்ணப்பம் கொடுத்தல்

படிவம் வேலைவாய்ப்பு மையத்தில் இலவசமாகக் கிடைக்கும். துறையின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கியும் கொள்ளலாம். படிவத்துக்கோ அதைப் பெற்றுக்கொள்வதற்கோ கட்டணம் இல்லை. வாசலில் நின்று 'நான் முடித்துத் தருகிறேன்' என்பவர்களிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பங்கள் காலாண்டு வாரியாகப் பெறப்படுகின்றன. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் காலாண்டு தொடங்கும். கடைசி நாளைப் பத்திரிகைச் செய்தியாக மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும், பெரும்பாலும் அது காலாண்டின் இரண்டாம் மாத இறுதியாக இருக்கும். ஒரு நாள் தவறினாலும் அடுத்த காலாண்டுக்குத்தான் போகும். கையொப்பங்கள் வாங்க ஆகும் காலத்தையும் சேர்த்து, காலாண்டு தொடங்குவதற்கு முந்தைய மாதமே தாள்களைத் தயாராக்கிவிடுங்கள்.

போகும்போது வேலைவாய்ப்பு அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அனைத்து மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவற்றை அசலும் நகலுமாக எடுத்துச் செல்லுங்கள். நேரில்தான் போக வேண்டும். தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் வருபவர்கள் காலை முதல் பேருந்தைப் பிடித்தால், ஏதாவது ஒரு நகல் விட்டுப்போனாலும் அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிட நேரம் இருக்கும். கொடுத்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்குங்கள். முழுத் தொகுப்பின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

8. பணம் வரத் தொடங்கிய பிறகு

ஆண்டுக்கு ஒருமுறை, இன்னும் வேலையில் சேரவில்லை என்ற சுய உறுதிமொழி ஆவணத்தை அதே மையத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொகை நின்றுவிடும். நம் பகுதியில் பாதியில் நின்றுபோகும் உதவித்தொகைகள் அநேகமாக இதனால்தான் நிற்கின்றன. பதிவைப் புதுப்பிக்கும் மாதம் இடையில் வந்தால் அதையும் தவறவிடக் கூடாது. உதவித்தொகை வாங்குவதால் உங்கள் பதிவு மூப்பு குறையாது. அரசு வேலைக்கான பரிந்துரையில் உங்கள் பெயர் வழக்கம்போல் இருக்கும்.

மீண்டும் விசா கிடைத்துப் புறப்பட்டாலோ, ஊரிலேயே கடை வைத்தாலோ, எழுத்தில் தெரிவித்து உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளுங்கள். கடலுக்குத் திரும்பிப் படகேறும் மீனவர்களுக்கு இந்தத் தொகை பொருந்தாது. அவர்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் பதிவைச் சரிசெய்துகொண்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்துக்கான நிவாரணத்தைக் கேட்கலாம். அதை 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வெளியானது. சங்கப் பதிவுக்கு வெளிநாட்டுத் தாள்கள் எதுவும் தேவையில்லை. மீனவர் அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.